பேண்டு பெயர் யாருக்குச் சொந்தம்? சண்டை வருவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்

போன வாரம் இரண்டு தம்பிகள் என் அறைக்கு வந்தார்கள். ஆறு வருடமாக ஒரே இசைப் பேண்டில் இருந்தவர்கள். மேசைக்கு முன்னால் இருந்த மூன்று நாற்காலிகளில் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருந்ததில் ஒரு சிந்தசைசரை (மின்சாரத்தில் விதவிதமான ஒலி உண்டாக்கும் கீபோர்டு) வைத்தார்கள். அதில் ஒரு குமிழ் உடைந்துபோய், அந்த இடத்தில் நீலப் பேனா மூடி செருகியிருந்தது. பேசும்போதெல்லாம் இருவர் கையும் மாறி மாறி அந்த மூடிக்குத்தான் போனது.

“மேடம், பேர் என்னோடது. நான்தான் ஆரம்பிச்சேன்” என்றார் ஒருவர்.

“ஜனங்களுக்குத் தெரிஞ்சது என் குரல் மேடம்” என்றார் மற்றவர்.

“எழுதி வெச்சிருக்கீங்களா?”

“ஃப்ரெண்ட்ஸ்தானே மேடம்.”

இந்த வருடத்தில் இந்தப் பதிலை நான் கேட்பது நான்காவது முறை. பதிப்புரிமை, டிரேட்மார்க் வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்பதால் இசைக்காரர்கள் என்னிடம் வருவது சகஜம். ஆனால் எல்லோரும் பிரிந்த பிறகுதான் வருகிறார்கள். ஒரே ஒரு பேண்டு கூட ஒன்றாக இருக்கும்போது வந்ததில்லை. வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் நடந்தது. 1977ல் மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் என்ற இரண்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள் சிந்தசைசர் வாங்கி ஒரு குழு தொடங்கினார்கள். பாடுவதற்கு முதலில் நினைத்த ஆள் க்ளென் கிரெகரி. அவர் கிடைக்கவில்லை. அதனால் வேரின் பள்ளித் தோழர் ஃபிலிப் ஓக்கியைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் போர்ட்டர், மேடையில் பாடிப் பழக்கமில்லை. ஒரு போர்டு கேமிலிருந்து ஹியூமன் லீக் என்று பெயர் எடுத்து வைத்தார்கள். கிடார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, எல்லாம் சிந்தசைசர். பாழடைந்த தொழிற்கூடத்தில் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவு செய்த ‘பீயிங் பாய்ல்டு’ என்ற பாட்டு 1978ல் வெளிவந்தது. மறு வருடம் வர்ஜின் என்ற இசைத்தட்டு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. இரண்டு ஆல்பம் போட்டும் பெரிய வெற்றி இல்லை, கடன்தான் மிச்சம். 1980 அக்டோபரில், ஐரோப்பியப் பயணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, குழு உடைந்தது.

இப்போது கவனியுங்கள். குழுவை ஆரம்பித்தவர்கள் வேரும் மார்ஷும். சிந்தசைசரில் அந்த ஒலியை உருவாக்கியவர்களும் அவர்களே. அவர்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர் பாடகர் ஓக்கி. மேடைக்குப் பின்னால் ஸ்லைடு படம் காட்டிக்கொண்டிருந்தவர் ஏட்ரியன் ரைட். பெயர் யாருக்குப் போயிருக்கும்?

ஓக்கிக்கும் ரைட்டுக்கும் போனது. பதிலுக்கு, ஹியூமன் லீக்கின் அடுத்த ஆல்பத்தில் 1 சதவீத ராயல்டி வேருக்கும் மார்ஷுக்கும் என்று முடிவானது.

இதைச் சொன்னதும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் மாறும். “அநியாயம் மேடம், ஆரம்பிச்சவங்களுக்குத்தானே பேர்?” என்று கேட்பார். இந்த ஒரு எண்ணத்தை உடைக்கத்தான் நான் படாத பாடு படுகிறேன், எனவே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். ஆரம்பித்தவருக்குப் பெயர் சொந்தம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பெயரை யோசித்தவருக்கும், லோகோ வரைந்தவருக்கும், பாஸ்வேர்டு வைத்திருப்பவருக்கும் அப்படித்தான். நான்கு பேர் சேர்ந்து லாபத்துக்காகக் கச்சேரி செய்து, வந்ததைப் பங்கு போட்டுக்கொண்டால், பத்திரம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது பெரும்பாலும் கூட்டாண்மைதான். நம் நாட்டு 1932ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டமும் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படியானால் பெயருக்குச் சேர்ந்த நன்மதிப்பு மொத்தக் குழுவின் சொத்து. வீட்டுக்கு முதலில் செங்கல் வைத்தவர் என்பதற்காக ஒரு அண்ணன் முழு வீட்டையும் கேட்க முடியுமா?

நம்ப மாட்டேன் என்கிறவர்களுக்கு சாக்ஸன் வழக்கைச் சொல்வேன். அது ஹெவி மெட்டல் பேண்டு. வெவ்வேறு காலத்தில் வெளியேறிய இரண்டு பேர், கிரகாம் ஆலிவரும் ஸ்டீவ் டாசனும், ‘சாக்ஸன்’ என்ற பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டார்கள். ஆரம்பம் முதல் பாடிவரும் பிஃப் பைஃபோர்டு எதிர்த்தார். 2003ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி லாடி பைஃபோர்டு பக்கம் தீர்ப்புச் சொன்னார். பெயரும் நன்மதிப்பும் அன்றைய கூட்டாண்மையின் சொத்து, உறுப்பினர் எவருக்கும் தனிச் சொத்து கிடையாது என்பது அதன் சாரம். விலகியவர் தன் பங்கின் மதிப்பைக் கேட்கலாம், பெயரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ‘எனக்குத் தெரியாமல் அவன் ரிஜிஸ்டர் பண்ணிட்டான், எல்லாம் போச்சு’ என்று அழுதுகொண்டு வருகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்வது முக்கியம்தான். திருட்டுத்தனமாகச் செய்த பதிவு நிற்காது.

சரி, ஷெஃபீல்டுக்கு வருவோம். பெயரை வாங்கிய ஓக்கிக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். வர்ஜினுக்கு இருந்த கடனும், முடித்துக் கொடுக்க வேண்டிய பயணமும் பெயரோடு சேர்ந்து அவர் தலையில் விழுந்தன. பயணம் நடக்காவிட்டால் வழக்குப் போடுவோம் என்று அமைப்பாளர்கள் நெருக்கினார்கள். ஊரில் கிரேஸி டெய்ஸி என்ற நைட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைப் பார்த்து, நடனத்துக்கும் துணைக்குரலுக்கும் சேர்த்துக்கொண்டார். சூசன் ஆன் சல்லிக்கு 17 வயது, ஜோஆன் கேத்தராலுக்கு 18. திறமைசாலிகள் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது வெறும் கூடு என்று பத்திரிகைகள் எழுதின. பெயர் கேட்டு என்னிடம் மல்லுக்கட்டும் யாருமே கடனைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தத் தம்பிகளிடமும் கேட்டேன், “இந்த சிந்தசைசருக்கு இ.எம்.ஐ. பாக்கி எவ்வளவு?” அதுவரை பேனா மூடியைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு கையும் பின்வாங்கின. தவணை ஒருவருடைய அக்காவின் கார்டில் போய்க்கொண்டிருக்கிறதாம்.

வேரும் மார்ஷும் தயாரிப்பு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தி, முதலில் கிடைக்காமல் போன அதே க்ளென் கிரெகரியைப் பாடவைத்து ஹெவன் 17 என்று புதுப் பெயரில் வந்தார்கள். அவர்களுக்கும் கம்பெனி வர்ஜின்தான். வேடிக்கை என்னவென்றால், ஷெஃபீல்டில் இரண்டு குழுவும் ஒரே ஸ்டுடியோவை ஷிஃப்ட் போட்டுப் பயன்படுத்தின. ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் மற்றவர் வந்து உட்காருவார்கள். போட்டி எப்படி இருந்திருக்கும்! இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: குழு உடையும்போது கம்பெனி உங்களோடு சேர்ந்து அழும் என்று நினைக்காதீர்கள். ஒரு குழு இருந்த இடத்தில் அதற்கு இரண்டு கிடைக்கிறது. கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல்.

1981 செப்டம்பரில் ஹெவன் 17இன் ‘பென்ட்ஹவுஸ் அண்ட் பேவ்மென்ட்’ ஆல்பம் வந்தது. அட்டையில் மூவரும் கோட்டு சூட்டு போட்ட கம்பெனி அதிகாரிகள் மாதிரி இருப்பார்கள். சிந்தசைசருக்கு நடுவே நிஜ பேஸ் கிடாரைக் கொண்டுவந்து ஃபங்க் தாளத்தில் ஓடவிட்டார்கள். என் காதுக்கு அந்த வருடத்தின் துணிச்சலான வேலை அதுதான். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம். அடுத்த மாதமே ஹியூமன் லீக்கின் ‘டேர்’ வந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட்டையும், இயன் பர்டன், ஜோ காலிஸ் என்று புது ஆட்களையும் சேர்த்துக்கொண்டு ஓக்கி செய்த ஆல்பம். சிக்கனமான, பளிச்சென்ற பாப். முதலிடம். அதிலிருந்து நவம்பரில் தனியாக வந்த ‘டோன்ட் யூ வான்ட் மீ’ ஐந்து வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்து, 1982ல் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டைத் தனியாக வெளியிட ஓக்கிக்கே விருப்பமில்லை.

ஹெவன் 17க்கு இணையான நாள் 1983ல்தான் வந்தது. அவர்களுடைய ‘டெம்ப்டேஷன்’ பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. வேர் அதே வருடம் அமெரிக்கப் பாடகி டீனா டர்னருக்கு ஒரு பாட்டைத் தயாரித்துக் கொடுத்து, அவர் திரும்பி எழுவதற்குக் கைகொடுத்தார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். வெறும் கூடு என்று சொல்லப்பட்டவர் கையில் பெயர் பொன்னானது, பெயரை விட்டவர்கள் கையில் வேலை இருந்தது. 1980 அக்டோபரில் இது இரண்டும் யாருக்கும் தெரியாது. கடனில் இருந்த ஒரு குழுவின் அடுத்த ஆல்பத்தில் 1 சதவீதம் என்றால் அன்றைக்கு அது காற்றுக்குச் சமம். ‘டேர்’ வந்த பிறகு அதற்கு இருந்த மதிப்பை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு வரி எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

அப்புறம், பெயரை விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் ஒன்று இருக்கிறதே, அதுவும் தவறு. ‘டோன்ட் யூ வான்ட் மீ’ ஓடிய ஓட்டத்தில் பழைய ‘பீயிங் பாய்ல்டு’ மறுபடி வெளியாகி, 1982 ஜனவரியில் 6ஆம் இடம் பிடித்தது. அதை எழுதியவர்கள் மார்ஷ், ஓக்கி, வேர் மூவரும். அட்டையில் ஹியூமன் லீக் என்றுதான் இருந்தது, ஆனால் பாட்டை எழுதியவர்கள் என்ற இடம் வெளியேறிய இருவருக்கும் அப்படியே இருந்தது. பெயர் ஒரு சொத்து, பாட்டு இன்னொன்று, ஒலிப்பதிவு மூன்றாவது. நம் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் மூவரும் தனித்தனி. ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்த நண்பர்தான் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் என்று ஆகிவிடலாம் என்பதை எத்தனை பேண்டுகள் யோசித்திருக்கின்றன?

எனவே தயவுசெய்து, இன்னும் ஒன்றாகப் பிராக்டிஸ் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். யாராவது விலகினால் பெயர் யாரிடம் இருக்கும், விலகுகிறவருக்கு என்ன கிடைக்கும், கடனை யார் கட்டுவது, இதை முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்த அன்றைக்கே, வரி யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகம் ஆளுக்கொன்றாக இருக்கும். டிரேட்மார்க் எடுப்பதானால், கேளிக்கைச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில், குழுவின் எல்லோர் பெயரிலும் எடுங்கள். மேனேஜர் பெயரில் எடுக்கவே எடுக்காதீர்கள், அவர் மாமாவாக இருந்தாலும் சரி. சேனல், மின்னஞ்சல் கடவுச்சொற்கள் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். கருவிகளுக்குப் பில் யார் பெயரில் என்று பாருங்கள். வாட்ஸாப் அரட்டையை ஆதாரமாகக் காட்டலாம் என்று தைரியமாக இருக்காதீர்கள். போன மாதம் வந்தவர்கள் எண்ணூறு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தார்கள். அதில் ‘ஓகே டா’ என்ற சொல்தான் அதிகம் இருந்தது. எதற்கு ஓகே என்று இருவராலும் சொல்ல முடியவில்லை.

“எழுதச் சொன்னா நம்பிக்கையில்லாத மாதிரி ஆயிடும் மேடம்” என்பார்கள். ஷெஃபீல்டில் அத்தனை கசப்புக்குப் பிறகும், 2008ல் ஹியூமன் லீக்கும் ஹெவன் 17உம் ஒரே சுற்றுப்பயணத்தில் சேர்ந்து பாடின. யாருக்கு எது என்று அன்றைக்கே முடிவாகியிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். நீதிமன்ற வராந்தாவில் மூன்று வருடம் எதிரெதிரே நின்றவர்கள் மறுபடி ஒரே மேடை ஏறி நான் பார்த்ததில்லை.

அந்தத் தம்பிகளை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஆறு வருடத்தில் போட்ட பதினோரு பாட்டுக்கும் யார் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு வர வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. சிந்தசைசர் யாரிடம் இருப்பது என்று அன்றைக்கு முடிவாகவில்லை. என் அலமாரியில்தான் இருக்கிறது. கிளம்பிப் போன இருவரில் மூத்தவர் படியிலிருந்து திரும்பி வந்து, “அந்த மூடியைக் கழட்டிடாதீங்க மேடம், அது அவன் வெச்சது” என்றார்.