"வாழ்க்கையில ஒரு பிடிப்பே இல்ல மேடம்"

நாற்காலியில் உட்காரும் முன்பே அப்பா ஆரம்பித்துவிடுவார்: "நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க மேடம், நீங்க சொன்னா கேப்பான்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பி.இ. முடித்து மூன்று வருஷம். நடுவில் சிப்காட்டில் ஆறு மாத வேலை, அது ஒத்துவரவில்லை. பிறகு டிஎன்பிஎஸ்சி. பிறகு ஒன்றுமில்லை. அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் வாய் திறப்பான்: "இன்னாத்துக்கு எழுந்துக்கணும்னே தெரில மேடம். எல்லாரும் எங்கியோ போய்கினு கீறாங்க, நான் மட்டும் இங்கியே கீறேன்."

குடியாத்தத்திலிருந்து வருகிறார்கள், ஆற்காட்டிலிருந்து வருகிறார்கள், காட்பாடியில் என் மனநல கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளியிருந்தும் வருகிறார்கள். ஆள்தான் வேறு, பேச்சு அதேதான். ஆனால் போன மாதம் வந்த ஒரு பையனைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று மாதமாக விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அதன்பின் தூங்காதவன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். வீட்டில் அவனுக்குப் பார்த்த வைத்தியம், எட்டாயிரம் ரூபாய் கட்டி ஒரு தன்னம்பிக்கை முகாமுக்கு அனுப்பியது. இரண்டு நாள், ஏசி ஹால், காது கிழியப் பாட்டு, கடைசியில் 'உன் வாழ்க்கை லட்சியத்தை ஒரே வரியில் எழுது' என்று ஒரு தாள். "எல்லாரும் எழுதிட்டாங்க மேடம், எனக்கு மட்டும் வரல" என்று அழுதான். அவனுக்கு இருந்தது மனச்சோர்வு நோய். சிகிச்சை தேவைப்பட்டவனிடம் தாளையும் பேனாவையும் நீட்டியிருக்கிறார்கள்.

அதனால் முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம். பிடிப்பு இல்லை என்று ஒருவர் சொன்னால், அது நோயா இல்லையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இரண்டு வாரமாக, பகலில் பெரும்பாலான நேரம் மனம் கனத்தே கிடக்கிறதா? உயிராக இருந்த கிரிக்கெட்டும் சிநேகிதர்களும் கசந்துவிட்டார்களா? தூக்கம், பசி, எடை மாறிவிட்டதா? "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற பேச்சு? "செத்துட்டா தேவல" என்ற பேச்சு? இருந்தால் புத்திமதியை நிறுத்துங்கள், கூட்டி வாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்ப்போம், மாத்திரை தேவை என்றால் கொடுப்போம். அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிட்டு வந்து நிற்காதீர்கள். இன்னொன்று: இருபது வயதை ஒட்டிய ஒருவன் மெல்ல மெல்ல அறைக்குள் ஒடுங்கி, குளிப்பதை விட்டு, எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்தால், அதைச் சோம்பல் கணக்கில் எழுதாதீர்கள். அது ஒரு மனநோயின் தொடக்கமாக இருக்கலாம், அதில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். கஞ்சா, குடி, ரம்மி, லோன் ஆப் இவற்றைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், அப்பா பக்கத்தில் இருந்தால் பதில் வராது. லட்சியம் இல்லை என்று அழைத்து வரப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது கடன்.

இனி நோய் இல்லாதவர்களுக்கும், நோய் தணிந்து வருபவர்களுக்கும்.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் நம்பிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் எங்கோ தயாராகக் காத்திருக்கிறது, முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் வாழத் தொடங்க முடியும் என்பது. இதை நம்பி இருபத்தெட்டு வயதுவரை கட்டிலில் படுத்து யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். போனில் நான்கு வட்டங்கள் உள்ள ஒரு படத்தைக் காட்டுவார்கள்: உனக்குப் பிடித்தது, உனக்கு நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, காசு கொடுப்பது. நான்கும் ஒன்றின்மேல் ஒன்று விழும் நடுப்புள்ளிதான் உன் 'இகிகாய்' (வாழ்வதற்கான காரணம்), ஜப்பானியர் நூறு வயது வாழும் ரகசியம் என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படம் ஜப்பானில் பிறக்கவே இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் வேறொரு தலைப்பில் வரைந்த படம் அது. 2014-இல் இன்னொருவர் தன் வலைப்பதிவில் அதன் நடுவே அந்த ஜப்பானியச் சொல்லை எடுத்துப் போட்டார், உலகம் சுற்றிவிட்டது. நான்கு வட்டமும் ஒன்றுசேரும் வேலை எனக்கே வாய்க்கவில்லை. சனிக்கிழமை மாலை இன்ஷூரன்ஸ் படிவம் எழுதும்போது முதல் வட்டத்தை எங்கே தேடுவது?

ஆர்வம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று நம்புவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2018-இல் ஓகீஃப், டுவெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கருந்துளைகள் பற்றி ஒரு சுவையான வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். எல்லாருக்கும் ஆர்வம் வந்தது. அடுத்து அதே விஷயத்தில் கடினமான ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். 'ஆர்வம் என்பது பிறவியிலேயே இருப்பது, கண்டுபிடிக்க வேண்டியது' என்று நினைப்பவர்களுக்குத்தான் ஆர்வம் அதிகமாக வடிந்தது. கஷ்டமாக இருந்தால் இது நம்முடையது இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடிங் மூன்று வாரம், போட்டோகிராபி இரண்டு மாதம், ஷேர் மார்க்கெட் ஒரு சம்பளம் காலியாகும்வரை என்று தாவுகிற பிள்ளைகள் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான்.

வேலூர்க்காரர்களுக்கு இந்த நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகவே ஊறியிருக்கிறது. சிஎம்சி மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் கதையை நாம் சொல்லும் விதம் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய அப்பாவை அனுமதிக்க மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த ராத்திரியே அவருக்கு வாழ்வின் நோக்கம் கிடைத்தது. பள்ளி விழா மேடையில் கதை இங்கே முடிந்து கைதட்டல் வந்துவிடும். அதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், இந்தியாவில் தங்கவே கூடாது என்று இருந்தவர், அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-இல்தான் பட்டம் வாங்கினார். 1900-இல் வேலூரில் தொடங்கியது ஒரே ஒரு கட்டில். 1902-இல் சிறிய மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ராத்திரி ஒன்றுதான், அதன் பின்னால் இருபது வருஷத்துக்கு மேல் அன்றன்றைய வேலை. அந்த ராத்திரியிலும் அவர் உட்கார்ந்து 'எனக்கு எதில் ஆர்வம்' என்று யோசித்துக்கொண்டிருக்கவில்லை. கதவைத் தட்டியது வேறு யாருடைய தேவையோ.

வேலை இல்லாமல் இருப்பது மனிதனை என்ன செய்கிறது என்பதை 1930-களின் தொடக்கத்திலேயே பார்த்து எழுதிவிட்டார்கள். ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற கிராமத்தில் ஒரு நெசவாலை மூடப்பட்டது, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. சமூக உளவியலாளர் மாரி யஹோதாவும் கூட்டாளிகளும் அங்கே போய்ப் பார்த்தார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்திருந்தது. வேலை என்பது சம்பளத்தோடு இன்னும் ஐந்து விஷயங்களையும் சத்தமில்லாமல் கொடுக்கிறது என்று யஹோதா பிற்பாடு எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், நாலு பேர் சேர்ந்து செய்யும் காரியம், ஊரில் ஒரு அடையாளம், கைக்கு வேலை. டிஎன்பிஎஸ்சிக்காக மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. 2024 குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கில் இடம் கிடைக்காததை வைத்து ஒருவன் தன் தகுதியை எடைபோட்டால் நான் என்ன சொல்ல?

அதே காலத்தில் வியன்னாவில் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் வேலையில்லாத இளைஞர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாஜி வதைமுகாம்களில் அடைக்கப்படுவதற்கு முந்தைய ஃபிராங்கல். நூலகத்திலோ இளைஞர் அமைப்பிலோ சம்பளமில்லாமல் ஏதாவது செய்யும்படி அவர்களை இணங்க வைத்தார். பாக்கெட் காலியாகவே இருந்தது, வயிறும் காலியாகவே இருந்தது, சோர்வு மட்டும் விலகியது. மோட்டிவேஷன் பேச்சாளர்கள் அவரைச் சொல்லும்போது முகாமோடு தொடங்குகிறார்கள். எனக்குத் தேவைப்படுவது இந்த நூலகம்தான்.

அணைக்கட்டு பக்கத்துப் பையன் ஒருவன். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் கம்மவான்பேட்டையைப் பார்த்து வளர்ந்தவன், எட்டாம் வகுப்பிலிருந்தே ஆர்மி கனவு. 1600 மீட்டரை ஐந்து நிமிஷம் இருபது நொடியில் ஓடுவான். கொரோனா வந்து ஆள்சேர்ப்பு முகாம்கள் நின்றன. 2022-இல் அக்னிபாத் வந்து அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் வயது வரம்பை 23 ஆக்கினார்கள். அந்த வருஷம் பைக்கில் விழுந்து காலில் முறிவு. அடுத்த வருஷம் வயது போய்விட்டது. பிறகு இரண்டு வருஷம் வீட்டுத் திண்ணை.

அவனிடம் லட்சியம் என்ன என்று நான் கேட்கவே இல்லை. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தான் என்று எழுதச் சொன்னேன். பக்கத்தில் பத்துக்கு இரண்டு மார்க்: மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது, ஒரு காரியம் முடித்த திருப்தி எவ்வளவு. (எங்கள் தொழிலில் பழைய முறைதான். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே செயலைக் கூட்டும் இந்த வகைச் சிகிச்சையை ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் கொடுத்துப் பலன் காட்டினார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.) ஒரு வாரத்து நோட்டில் வரிசையாக ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. காலை பதினோரு மணி, கட்டிலில் போன், சைபர். நடுவில் ஒரு வியாழக்கிழமை மாலை மட்டும் ஆறு. என்ன இது என்றேன். "பக்கத்து வூட்டுப் பையன் ரன்னிங் போறான், டைம் பாருண்ணான்னு சொன்னான். பார்த்தேன். அவ்ளோதான்."

அந்த ஆறு மார்க்கைப் பிடித்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தரைக்கு, ஸ்டாப்வாட்ச்சோடு கிரவுண்டில் நிற்க வேண்டும், மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டாவது வாரம் வந்து "ஒண்ணும் மாறல மேடம்" என்றான். "போனியா?" "போனேன்." "அப்ப சரி, அடுத்த வாரமும் போ." ஆறாவது வாரம் என்னிடம் வர வேண்டிய நாளை மாற்றக் கேட்டான், பையன்களுக்கு அன்றைக்கு டிரயல் இருக்கிறதாம். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். லட்சியம் என்ன என்று யாராவது கேட்டால் இன்னும் "தெரில" என்றுதான் சொல்கிறான்.

ஓய்வு பெற்றவர்களுக்கும் இதுவேதான். முப்பத்தைந்து வருஷம் ஷிப்டுக்கு ஓடியவர் டிவி முன் உட்கார்ந்ததும் பிரஷர் ஏறுகிறது, வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுகிறார். பிள்ளைகளை பெங்களூருக்கு அனுப்பிவிட்ட அம்மாக்கள் சொல்லவும் மாட்டார்கள், முட்டி வலி என்றுதான் வருவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையை மருந்தாக அரைத்துக் கொடுக்காதீர்கள். அப்படி நடந்த கல்யாணங்களில் ஆறு மாதம் கழித்து என் முன்னால் இரண்டு நோயாளிகள் உட்காருகிறார்கள். சாப்பாட்டுத் தட்டில் சோறு போடும்போது "அடுத்து இன்னா பண்ணப் போற" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை சாப்பிட வருவதையே நிறுத்திவிடும். பெரியப்பா மகன் கதை வேண்டாம். ஸ்ரீபுரத்துக்கும் ரத்தினகிரிக்கும் போங்கள், ஜாதகமும் பாருங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அன்னதானத்தில் அவனைப் பரிமாறவும் விடுங்கள். ஆனால் 'சனி பெயர்ச்சிவரை பொறுப்போம்' என்று வைத்தியத்தைத் தள்ளாதீர்கள்.

வேலை கொடுங்கள், நிஜமான வேலை. பாட்டியை மாதாமாதம் ஓபிக்குக் கூட்டிப்போய் மாத்திரைக் கணக்குப் பார்ப்பது முழுக்க அவன் பொறுப்பு என்று விடுங்கள், நடுவில் போன் போட்டு விசாரிக்காதீர்கள். தப்பு செய்தால் செய்யட்டும், ஒரு மாத்திரைச் சீட்டு தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன் தம்பி, பாப்பா. மனசு வந்தபின் எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதே. சோர்ந்த மனசு தானாக வராது. நாளைக்கு ஒரு நேரம், ஒரு இடம், உன்னை எதிர்பார்க்கும் ஒரே ஒரு ஆள், இவ்வளவு போதும். பெரிய தேர்வு எழுதிக்கொண்டே கூட நாளில் இரண்டு மணி நேரம் வெளியே நாலு பேரோடு ஏதாவது செய். படிப்பு கெடாது. எத்தனை முறை எழுதுவது, அதற்கப்புறம் என்ன என்று ஒரு வரம்பை முன்கூட்டியே போட்டு வீட்டிலும் சொல்லிவிடு.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14416-க்குப் போன் செய், டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும், தமிழில் பேசுவார்கள், காசில்லை. வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், மறுநாளுக்குத் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. சிஎம்சியின் மனநல மையம் இருக்கும் பாகாயம் என்றால் இன்னமும் ஊரில் குரலைத் தாழ்த்துகிறார்கள். அங்கேதான் 1950-களிலேயே நோயாளியோடு குடும்பமும் கூட வந்து தங்கிச் சிகிச்சை பெறும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

என்னிடம் வருவதானால் பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கூட இரண்டு பேர் போதும், சித்தப்பா மாமா எல்லாரும் வேண்டாம். உள்ளே வந்ததும் முதல் பத்து நிமிஷம் அவனையே பேச விடுங்கள்.