புகை அடங்கிய கரியும் பனிக்காலப் பிள்ளைகளும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்துவிடும். "டாக்டரம்மா, பனி விழ ஆரம்பிச்சாச்சு. பேரன்ட்ஸுக்கு அனுப்புற சுற்றறிக்கையில போட நாலு வரி எழுதிக் குடுங்க." அரையாண்டுத் தேர்வு அட்டவணை, விடுமுறைத் தேதி, ஸ்வெட்டர் நிறம் எல்லாம் போக அடியில் எனக்குக் கிடைக்கும் இடம் நாலு வரிதான். பிள்ளைகளைக் கதகதப்பாக வைத்திருங்கள், வெந்நீர் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். இருபது வருஷமாக ஊட்டியில் குழந்தை வைத்தியம் பார்க்கிறேன். அந்த நாலு வரியைப் படித்து யாரும் எதையும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. குளிரால் நோய்ப்பட்டு வந்த பிள்ளைகளைவிட, குளிருக்குப் பயந்து வீட்டில் செய்த காரியங்களால் வந்த பிள்ளைகள்தான் என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள். அதை நாலு வரியில் எழுத முடியாது என்பதால் இந்தக் கட்டுரை.

சில வருஷங்களுக்கு முன்பு, ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்குக் கிளினிக் வாசலில் ஜீப் வந்து நின்றது. எஸ்டேட் லைன் வீட்டுக் குடும்பம். அப்பா தோளில் ஐந்து வயதுப் பெண் துவண்டு கிடந்தாள். எட்டு வயதுப் பையன் அம்மா கையைப் பிடித்தபடி தள்ளாடி வந்தான். ராத்திரி முழுக்கத் தலைவலி, விடிகாலையில் வாந்தி. "நேத்து கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல போல" என்றார் அப்பா. அவருக்கும் தலை வெடிக்கிறதாம். காய்ச்சல் யாருக்கும் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. பெண்ணின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியது.

கூட வந்த பாட்டி மட்டும் திடமாக நின்றார். அதே கல்யாணத்தில் அதே பந்தியில் சாப்பிட்டவர்.

"நீங்க எங்க படுத்தீங்க பாட்டி?"

"நான் அடுப்படியில படுத்தேன் சாமி. அங்க ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு கெடக்கு, ஒரே பனிக்காத்து."

மற்ற நாலு பேரும் உள்ளறையில் படுத்திருக்கிறார்கள். கதவுக்கு அடியில் சாக்கு, ஜன்னல் இடுக்கில் பழைய துணி, கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு. நான் கேட்டதும் அப்பாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "வெளிய வச்சு நல்லா பத்தவிட்டு, புகையெல்லாம் அடங்கினப்புறந்தான் உள்ள எடுத்துட்டு வந்தோம்." மலையில் இருக்கிற எல்லாரும் நம்புவது இதைத்தான்: புகை இருந்தால் ஆபத்து, புகை போய்க் கரி செவசெவவென்று ஆகிவிட்டால் பயமில்லை.

உண்மை நேர்மாறு. கரி புகையாமல் கனன்றுகொண்டிருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வருகிறது. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு முதலில் ஏறும். தலைவலி, குமட்டல், அப்புறம் ஒரு மயக்கமான தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. குளிருக்கு அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்த சுற்றுலாப் பயணிகளைப் பற்றி இந்த மாவட்டத்துச் செய்திகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி 98 என்று காட்டும். ஒரே அறையில் படுத்த எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, வெளியில் வந்தால் கொஞ்சம் தெளிவு என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை கரிச் சட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். சும்மா காற்றாட உட்கார்ந்தால் அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அன்று அந்தப் பிள்ளைகளுக்கு உடனே ஆக்சிஜன் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இருவரும் பிழைத்தார்கள். உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் படுத்த பாட்டி வராமல் இருந்திருந்தால் நானும் சாப்பாடு என்றே நினைத்திருப்பேனோ என்று இன்றைக்கும் தோன்றும்.

கரி நெருப்பு வேண்டுமானால் முற்றத்தில் சுற்றி உட்கார்ந்து காயுங்கள். படுக்கப் போகும்போது சட்டி வெளியிலேயே இருக்கட்டும். காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் மாட்டியிருக்கும் கேஸ் கீஸரும் இதே வாயுவைத்தான் விடும். பிள்ளை உள்ளே போகும் முன் வாளியை நிரப்பி, கீஸரை அணைத்துவிடுங்கள்.

நீலகிரிக்கே உரிய இன்னொரு விஷயம், தைலம். கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இங்கே வந்தது. இப்போது தைலம் இல்லாத கடையும் கிடையாது, வீடும் கிடையாது. சளி பிடித்தால் நெஞ்சில், தலையணையில், பள்ளிக்கூடக் கைக்குட்டையில் என்று எல்லா இடத்திலும் அதுதான். பெரியவர்கள் பூசிக்கொள்வதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நானே தலைவலிக்குப் பூசுவேன். ஆனால் அது பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கிறது, மிட்டாய் மாதிரி மணக்கிறது, ஜன்னல் திட்டில் மூடி சரியாகப் போடாமல் நிற்கிறது. ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே சின்னப் பிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதும், துணியில் கற்பூரத்தை முடிந்து கைக்குழந்தை சட்டையில் குத்துவதும் அப்படித்தான். குழந்தை அதை வாயில் வைக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போன சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே தைலமும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம், இவை கலந்த களிம்பும் வேண்டாம். குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் கஷ்டம் இரட்டிப்பாகும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஆவி பிடிப்பதைப் பற்றிச் சொன்னால் பாட்டிகள் என்னை முறைப்பார்கள். கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேலே பிள்ளையைக் குனியவைத்துப் போர்வை போர்த்தினால், மூச்சு முட்டி அது திமிறும். பாத்திரம் மடியில் கவிழும். தொடையும் வயிறும் வெந்து வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சளி தானாகவே ஒரு வாரத்தில் போயிருக்கும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

இருமல் சிரப்பை நானும் ஒரு காலத்தில் தாராளமாக எழுதியவள்தான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன் பிறகு மத்திய அரசின் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று திரும்பவும் சொன்னது. கலப்படமே இல்லாத சிரப்பும் சளியை ஒரு நாள்கூட முன்னதாகப் போக்காது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் சளி எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்பீர்கள். பனிக்காற்று பட்டதால் என்று நினைக்கிறோம். சளியைத் தருவது வைரஸ். குளிர் என்று நாற்பது பிள்ளைகளை ஜன்னல் சாத்திய வகுப்பறையில் உட்காரவைத்தால், ஒருவன் தும்மியது அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் வந்துவிடும். டீச்சர்களே, மேல் ஜன்னல் இரண்டையாவது திறந்து வையுங்கள். காய்ச்சல் இருக்கும் பிள்ளையைக் காலையில் பாராசிட்டமால் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவதை நிறுத்த வேண்டியது பெற்றோர் கையில் இருக்கிறது. மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கும் பழக்கம் சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பரிசை யோசித்தவர் என் கிளினிக்கில் ஒரு ஜனவரி மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காய்ச்சல் அடிக்கும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, மங்கி குல்லா போட்டு, அதன் மேல் சால்வையும் போர்த்திக் கொண்டுவருவார்கள். உடம்புச் சூடு வெளியேற வழி இல்லாமல் இன்னும் ஏறும். வீட்டுக்குள் ஒரு சட்டை, ஒரு மெல்லிய போர்வை போதும்.

வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் குளிர்ந்த வறண்ட காற்று நேரடியாகவே எதிரி. மூக்கையும் வாயையும் மூடி மஃப்ளர் கட்டி அனுப்புங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து ஸ்கூல் பையில் வைக்காமல் அனுப்புகிறார்கள். மாத்திரையாகவோ சிரப்பாகவோ கொடுத்தால் உடம்பெல்லாம் சுற்றும் மருந்து, இன்ஹேலரில் மிகச் சிறிய அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இன்ஹேலரில் மாட்டி மூச்சை இழுக்கும் குழாயான ஸ்பேஸரும் சேர்த்து வையுங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள்.

உறைபனி எங்கே விழுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மேகமோ காற்றோ இல்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா பக்கமும் காந்தள் பக்கமும் புல் வெள்ளையாகக் கிடக்கும்போது மேட்டு வீடுகளில் அவ்வளவு இருக்காது. எங்கள் பள்ளி மைதானமும் பள்ளத்தில்தான் இருக்கிறது. அந்த ஈரப் புல்லில் கேன்வாஸ் ஷூவோடு இருபது நிமிஷம் காலை வழிபாட்டுக்கு நின்றால் சாக்ஸ் நனைந்து, நாள் முழுக்க ஈரக் காலோடு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பனிக்காலத்தில் வழிபாட்டை வராந்தாவில் வையுங்கள் என்று போன வருஷம் கேட்டேன். தலைமையாசிரியை உடனே ஒத்துக்கொண்டார். பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் வைத்து அனுப்புங்கள். கால்விரல் சிவந்து வீங்கி அரித்தால் நெருப்பில் காட்டாதீர்கள். திடீர்ச் சூடு அந்த வீக்கத்தை அதிகமாக்கும். துடைத்து, கம்பளி சாக்ஸ் போட்டு மெல்லச் சூடேற விடுங்கள்.

மதியம் இதே மைதானத்தில் வெயில் 20 டிகிரியைத் தொடும். காலையில் போட்ட தடி ஸ்வெட்டரோடு ஓடி வியர்த்து, நாலு மணிக்கு அந்த ஈரத்தோடு குளிரில் நிற்பார்கள். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லியதாக இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். கன்னம் வெடித்து ரத்தம் கசிவது பனியால் மட்டும் வருவதில்லை, இந்த உயரத்து வெயிலும் சேர்ந்துதான். தேங்காய் எண்ணெய் இங்கே கல்லாக உறைந்து கிடக்கும். உள்ளங்கையில் வைத்து உருக்கி, குளித்த ஈரம் காயும் முன் தடவுங்கள்.

தண்ணீர் விஷயம் பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு. பனிக்காலத்தில் பாட்டில் போன மாதிரியே திரும்பி வருகிறது. தண்ணீர் பல்லைக் கூச வைக்கிறது என்பது ஒரு காரணம். குடித்தால் அந்த ஐஸ் மாதிரி டாய்லெட்டுக்குப் போக வேண்டுமே என்பது பிள்ளைகள் சொல்லாத காரணம். காலையிலிருந்து மாலை வரை அடக்கி வைத்துவிட்டு, சிறுநீர்த் தொற்றோடும் மலச்சிக்கலோடும் வருகிறார்கள். ஃபிளாஸ்கில் மிதமான வெந்நீர் கொடுத்துப் பாருங்கள், காலியாகி வரும். ஆறு வயதுப் பிள்ளை பனிக்காலத்தில் மட்டும் படுக்கையை நனைத்தால் திட்டாதீர்கள். குளிரில் சிறுநீர் அதிகம் சுரக்கும், ராத்திரி எழுந்து போகப் பெரியவர்களுக்கே சோம்பலாக இருக்கிறது.

பொங்கல் லீவுக்குப் பாதிப் பேர் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர், ஈரோடு, மதுரை என்று போய்விடுவீர்கள். கீழே மழைக்காலம் விட்டுப்போன டெங்கு கொசு தை மாதத்திலும் இருக்கும். ஊர் திரும்பி ஒரு வாரம், பத்து நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மலைக்குளிர் என்று நினைத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பாராசிட்டமால் தவிர ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்காமல் அழைத்து வாருங்கள். வந்ததும் எந்த ஊருக்குப் போனோம், எத்தனை நாள் இருந்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நான் கேட்க மறந்தாலும்.