ராதாபுரத்தின் 49 வாக்குகளும் ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலும்

ஒன்பதாம் வகுப்பில் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் பற்றி ஒரு பாடம் உண்டு. புத்தகத்தை மட்டும் வாசித்து முடித்தால், கட்சி என்பது பிள்ளைகளுக்குக் கொடியும் சின்னமுமாகவே நின்றுவிடும். திருநெல்வேலி ஆசிரியர்களுக்கு இதற்கான மூல ஆவணங்கள் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

2016 சட்டமன்றத் தேர்தலில் நம் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 203 தபால் வாக்குகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டிருந்தன. தபால் வாக்கோடு வைக்கும் உறுதிமொழியில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இட்டது செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றம் போனது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணி முடித்தும், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

இதை வகுப்பில் நடத்தப் படிவம் 20, அதாவது தொகுதியின் இறுதி முடிவுத் தாள் போதும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். முழுவதையும் அச்செடுக்க வேண்டாம். கடைசிப் பக்கம் முக்கியம். ஏ4 தாளில் எண்கள் நசுங்கிப் போகும், ஏ3 எடுங்கள். வேட்பாளர் பெயர்களை மறைத்து அ, ஆ, இ என்று எழுதிவிடுங்கள். பெயர் தெரிந்த நிமிடத்தில் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுக் கட்சி பிடித்துவிடுவார்கள்.

நாலு பேருக்கு ஒரு தாள். இதைத் தயாரித்தது யார், கையெழுத்து யாருடையது என்று முதலில் கேளுங்கள். அடுத்து, இயந்திர வாக்கு வரியில் மட்டும் பார்த்தால் முன்னால் நிற்பது யார், தபால் வரியைக் கூட்டினால் வித்தியாசம் எவ்வளவு? கழித்துப் பார்த்து விடை சொன்ன பிறகே நீதிமன்ற உத்தரவின் ஒரு பத்தியை எளிய தமிழில் கொடுங்கள். தேர்தல் பணிக்குப் போய்வந்த ஆசிரியர்கள் படிவம் 17சி-யைத் தங்கள் கையாலேயே நிரப்பியவர்கள். சாவடியில் எழுதும் அந்தக் கணக்கு படிவம் 20 வரை எப்படி வருகிறது என்பதை அவர்களைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். வாக்குச்சாவடிவாரிப் பக்கங்களைச் சொந்தத் தொகுதியிலிருந்து எடுக்காதீர்கள். எந்தச் சாவடி எந்தத் தெருவுக்கு என்று நம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. தெரு தெரிந்தால் சாதி தெரிந்த மாதிரிதான். "உங்க தெருக்காரங்க யாருக்குப் போட்டாங்க?" என்ற பேச்சு வகுப்போடு நிற்காது, பஸ் ஸ்டாப் வரை போகும். அந்தப் பக்கங்களைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரித் தூரத்து மாவட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வேட்பாளரின் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. முகவரி, தொலைபேசி, பான் எண், குடும்பத்தார் பெயர்களை அடித்துவிட்டு நகலெடுங்கள். நிலுவையிலுள்ள வழக்கும் தண்டனை பெற்ற வழக்கும் அதில் தனித்தனி இடத்தில் வரும். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே படிப்பார்கள். "இதெல்லாம் உண்மையா சார்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேட்பாளர் சத்தியம் செய்து சொன்னதற்கு மட்டுமே அது சாட்சி, சொத்துக் கணக்கைத் தேர்தல் நடத்தும் அலுவலர் சரிபார்ப்பதில்லை என்று சொல்லுங்கள். தெரிந்தே பொய் எழுதினாலோ விவரத்தை மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. சின்னப் பிரிவுதான், அதையும் அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.