30 மீட்டர் தாங்கும் வாட்சுக்குள் குளியலறைத் தண்ணீர் எப்படிப் போகிறது?

வாட்சின் பின்மூடியில் 'வாட்டர் ரெசிஸ்டென்ட் 30 மீ' என்று பொறித்திருக்கும். அதை நம்பிக் கையிலிருந்து கழற்றாமலே வெந்நீரில் குளிப்பவர்கள் நிறையப் பேர். சில வருஷங்களில் கண்ணாடிக்கு உட்பக்கம் ஆவி படர்ந்து நிற்கும்.

அந்த எண் ஓர் அழுத்தக் கணக்கு. தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு 'பார்' கூடும் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு); 30 மீட்டர் என்றால் 3 பார். புது வாட்ச், அசையாத தண்ணீர், சில நிமிடங்கள் என்ற நிலையில் தாங்கிய அழுத்தம் அது. சாதாரண வாட்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ 22810 என்ற சர்வதேசத் தரப்படி எல்லா வாட்சையும் சோதிக்க வேண்டியதில்லை, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்தாலே போதும்.

தண்ணீர் உள்ளே புகுந்ததா என்று பார்க்கும் முறை அழகானது. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால், உள்ளே ஈரம் இருந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் பனி பூத்திருக்கும்.

கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரைத் தள்ளினாலும், அரை மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்குக்கூட அது சமமாகாது.

என் பார்வையில் முதல் சந்தேகம் ரப்பர் வளையங்கள் மீதுதான் விழ வேண்டும். பின்மூடிக்கு அடியிலும், நேரம் திருப்பும் குமிழின் தண்டைச் சுற்றியும் மெல்லிய வளையங்கள் அழுந்தி உட்கார்ந்திருக்கின்றன. வியர்வை, சோப்பு, வெயில் பட்டுப் பட்டு அவை இறுகி வெடிக்கும். வெந்நீரில் உலோகமும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரியும். சூடான வாட்ச் மேல் உடனே பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சின்ன இடுக்கு வழியாகக்கூட ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சோப்பு கலந்த தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை (தண்ணீரைச் சொட்டாகத் திரட்டி வைக்கும் விசை) குறைவு, அது இன்னும் எளிதாக நுழையும்.

முக்குளிப்பவர்களுக்கான வாட்ச் வேறு ரகம். ஐ.எஸ்.ஓ 6425 தரப்படி குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். ஒவ்வொரு வாட்சையும் குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூட்டிச் சோதிப்பார்கள்.

30 மீட்டர் வாட்ச் கை கழுவவும் மழைத்தூறலுக்கும் போதும். நீந்துவதற்கு 100 மீட்டர் வாங்குங்கள். ஈரக் கையோடு குமிழை இழுக்காதீர்கள். பேட்டரி மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பழைய வளையத்தோடே மூடிவிடுகிற கடைகள் உண்டு.