பிரசவ வலியில் வாங்கிய கையெழுத்து

"அவங்கதான் கையெழுத்து போட்டிருக்காங்களே டாக்டர், அப்புறம் என்ன?" பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடமிருந்து இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஸ்லோவாக்கியாவில் அப்படி வாங்கிய ஒரு கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2000 ஆகஸ்ட் 23, பிரெஷோவ் நகர அரசு மருத்துவமனை. ஐரோப்பாவில் காலங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் சிறுபான்மை இனமான ரோமா இனத்தைச் சேர்ந்த இருபது வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். வலியில் துடித்துக்கொண்டிருந்தவரிடம், 'மறுபடி கர்ப்பமானால் நீயோ குழந்தையோ பிழைக்க மாட்டீர்கள்' என்று சொல்லி, 'கருத்தடை கோருகிறார்' என்று டைப் அடித்த வரியின் கீழ் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்து நடுங்கியிருக்கிறது. தன் பெயரையே இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார். சிசேரியனோடு, இனி கர்ப்பமே ஆகாதபடி கருக்குழாய்களையும் கட்டிவிட்டார்கள். ரோமா இனத்தவர் என்று கேஸ் ஷீட்டில் குறிப்பு வேறு. எந்தச் சிகிச்சைக்கு அது வேண்டும்?

'தாயின் உயிரைக் காப்பாற்றத்தானே செய்தார்கள்' என்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவதே இதில்தான். சிசேரியன் அவசரமாக இருக்கலாம். குழாய் கட்டுவதில் என்ன அவசரம்? அவர்கள் சொன்ன ஆபத்து அடுத்த கர்ப்பத்தில். அந்தக் கர்ப்பம் அன்று இல்லவே இல்லை! வீட்டுக்குப் போய், உடம்பு தேறி, யோசித்துவிட்டு வரலாம். அதுவரை காப்பர் டி, மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் இருக்கின்றன. ஆபத்தை எடுத்துச் சொல்வது மருத்துவர் வேலை, முடிவு அவளுடையது.

உள்நாட்டு நீதிமன்றங்கள் எல்லாமே கைவிரித்தன. 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் இதை மனிதத்தன்மையற்ற நடத்தை என்று சொல்லி, 31,000 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. இனப் பாகுபாட்டை மட்டும் தனியாக விசாரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஹங்கேரியில் 2001-இல் இன்னொரு ரோமா பெண். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்ததிலிருந்து சிசேரியன், கருத்தடை இரண்டும் முடிய 17 நிமிடம். ரத்தப்போக்கில் கிடந்தவருக்கு அதற்குள் என்னத்தை விளக்கியிருப்பார்கள்?

செக் குடியரசு 2021-இல் சட்டம் போட்டு, இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் கொருனா (அந்நாட்டு நாணயம்) இழப்பீடு அறிவித்தது. விண்ணப்பித்தவர்களில் பலரின் மருத்துவமனை ஆவணங்கள் எப்போதோ அழிக்கப்பட்டிருந்தன. ஆதாரம் இல்லையென்று வயதான பெண்களைத் திருப்பியனுப்பினார்கள்.

சக மருத்துவர்களே, பிரசவ அறையில் கருத்தடைக்குக் கையெழுத்து கேட்காதீர்கள். மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே, அவளுக்குப் புரியும் மொழியில் பேசுங்கள். தாய்மார்களே, கையெழுத்து போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும்வரை 'வேண்டாம்' என்று சொல்லலாம். வீட்டுக்குப் போகும்போது கேஸ் ஷீட் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.