பிரெஞ்சுப் படையில் இருந்த தாத்தாவின் கல்லறை: அரசு எதைச் செய்யும், எது நம் பொறுப்பு

புதுச்சேரியில் 'சொல்தா' (பிரெஞ்சுப் படை வீரர்) குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: தாத்தாவின் கல்லறைக்குக் கல் வைக்கிற செலவை பிரான்ஸ் ஏற்குமா? அவர் போரில் இறந்தாரா, ஊர் திரும்பிப் பென்ஷன் வாங்கி வீட்டில் இறந்தாரா என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

போரில் இறந்தவருக்கும், அங்கே பட்ட காயத்தாலோ பிடித்த நோயாலோ பிறகு இறந்தவருக்கும் 'மோர் பூர் லா ஃபிரான்ஸ்' (பிரான்சுக்காக உயிர்நீத்தவர்) என்ற குறிப்பு உண்டு. 1915 சட்டப்படி வந்தது, இறப்புப் பதிவின் ஓரத்திலேயே எழுதுவார்கள். அந்தக் குறிப்போடு ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர் என்றால் அந்த இடம் என்றென்றைக்கும் அவருடையது, பராமரிப்பு முழுக்க அரசுச் செலவு. கல்லில் பதித்த சின்னத் தகட்டில் பெயர், ரெஜிமென்ட், இறந்த தேதி, கூடவே அந்தக் குறிப்பும் இருக்கும். உடலைக் குடும்பமே கேட்டு வாங்கிச் சொந்தக் கல்லறையில் வைத்திருந்தால் அரசின் பொறுப்பு அதோடு முடிந்தது.

முதல் உலகப்போரில் இறந்தவர்களை பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ சோம்' தளத்தில் இலவசமாகத் தேடலாம், இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். நம் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முத்துசாமியை 'யு' மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காமல் போகலாம், 'ஓ', 'யு' இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், பிறந்த ஊரை வைத்தும் தேடுங்கள்.

சரி, ஊருக்கு வந்து இறந்தவர்? அரசு கல் தராது. ஆனால் 'கார்த் து கொம்பாத்தான்' என்ற பிரெஞ்சுப் போர்வீரர் அட்டை வைத்திருந்தவரின் சவப்பெட்டியில் பிரெஞ்சு மூவர்ணக் கொடி போர்த்தும் உரிமை உண்டு, பல வீடுகளில் இது அடக்கம் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய கல்லறைக்கு 1887-ல் தொடங்கிய 'லெ சுவெனிர் ஃபிரான்சே' என்ற, போர்வீரர் கல்லறைகளைப் பராமரிக்கும் சங்கத்திடம் உதவி கேட்கலாம், அது உரிமை கிடையாது.

கடலூர்ப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர் என்றால் பொறுப்பு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துடையது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களுக்குக் கல்லறைக் கல்லோ, நினைவுச்சின்னத்தில் பெயரோ உண்டு, சிப்பாய், அதிகாரி என்ற வித்தியாசம் இல்லை.

அந்தப் பிரெஞ்சுக் குறிப்பு தாத்தாவுக்குக் கிடைக்காமல் விடுபட்டிருந்தால், காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 1944 டிசம்பரில் செனகலின் தியாரோயில் பிரெஞ்சுப் படையே சுட்டுக் கொன்ற ஆப்பிரிக்க வீரர்களில் 6 பேருக்கு 2024-ல்தான் கொடுத்தார்கள். மனு பிரான்சில் உள்ள முன்னாள் போர்வீரர் அலுவலகமான 'ஓனாக்'குக்குப் போக வேண்டும், படை எண்ணும் ரெஜிமென்ட் பெயரும் உள்ள எந்தத் தாள் வீட்டில் இருந்தாலும் நகல் இணையுங்கள்.