கொக்கட்டிச்சோலை ஏன் இரண்டு தடவை வருகிறது?

அறுவடைக் காலத்தில் அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் வருகிறது என்று வையுங்கள். சம்மாந்துறை, நிந்தவூர், பொத்துவில், படுவான்கரையில் இருந்து கொக்கட்டிச்சோலை. லோடுக்கு ஒரு வரி: ஊர்ப் பெயர், மூடைக் கணக்கு. ஊர்வாரியாக மொத்தம் எடுக்க எக்செல்லைத் திறக்கவே வேண்டாம். கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் பாஷ் ஷெல்லில் சில வரிகள் போதும், அசோசியேட்டிவ் அரே தெரிந்திருந்தால். ஆனால் மொத்தப் பட்டியலில் கொக்கட்டிச்சோலை மட்டும் இரண்டு தடவை வந்து நிற்கலாம்.

அரே என்பது பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் பட்டியல். சாதாரண அரேயில் 0, 1, 2 என்று எண்தான் விலாசம். இதில் பெயரே விலாசம். மொத்தம்[சம்மாந்துறை] என்று கேட்டால் அந்த ஊர்க் கணக்கு வரும். (அரேயின் பெயரை நிஜத்தில் ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும், அடைப்புக்குள் விலாசமாக வரும் பெயர், அதாவது கீ, தமிழில் இருக்கலாம்.)

இத்தனை ஊர்களில் கேட்டதை பாஷ் எப்படிப் பிடிக்கிறது? ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. பெயரின் பைட்டுகளை எடுத்துக் கணக்குப் போடுகிறது. 2166136261 என்ற எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் 16777619 ஆல் பெருக்கி, அந்த பைட்டோடு எக்ஸ்-ஓர் செய்கிறது (இரண்டு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 போடுவது). கடைசியில் வரும் எண்தான் ஹாஷ். எந்த அறையில் போடுவது என்பதை அது சொல்லிவிடும். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிறவர் கைபோன போக்கில் சரியான தட்டில் போடுவது மாதிரி. இரண்டு பெயர் ஒரே அறைக்கு வரலாம் என்பதால், அந்த அறையில் மட்டும் முழுப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஊர்கள் நீங்கள் எழுதிய வரிசையில் வெளியே வராததற்கும் இதுதான் காரணம். வரிசை வேண்டுமென்றால், வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள்.

முதலில் டிக்ளேர் கட்டளையில் மைனஸ் குறியோடு ஆங்கிலப் பெரிய 'ஏ' (-A) போட்டு அரேயை அறிவிக்க வேண்டும். மறந்தால் பாஷ் அதைச் சாதாரண அரே என்று எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால், அதை ஒரு மாறியின் பெயராக நினைத்து, மதிப்பு இல்லை என்பதால் 0 ஆக்கிவிடும். எல்லா ஊரும் 0 ஆம் இடத்தில் குவியும், ஒரு பிழைச் செய்தியும் வராது. தமிழில் எழுதினால் பிழை என்று கத்திவிடும், தப்பித்தோம். பாஷ் 4.0 வந்தது 2009 இல்; மேக் கணினியோடு வருவது இன்னும் 3.2 தான், அதில் இந்த வசதியே இல்லை.

கூட்டுவதிலும் ஒரு பொறி. 12 மூடைக்கு மேல் 8 மூடை சேர்க்க '+=' போட்டால் 128 என்று நிற்கும். பாஷுக்கு அவை எழுத்துகள், ஒட்டிவிடுகிறது. அறிவிக்கும்போது பெரிய 'ஏ'வோடு சின்ன 'ஐ'யும் (-Ai) சேர்த்தால் 20 வரும்.

சரி, கொக்கட்டிச்சோலைக்கு வருவோம். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது க வோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. முன்னது 6 பைட், பின்னது 9 பைட். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் பைட் மாறினால் ஹாஷ் மாறும், முழுப் பெயரை ஒப்பிட்டாலும் பொருந்தாது. 'சோ'வுக்கும் இதே கதை என்பதால், பல பேர் பல கீபோர்டில் அடித்த பட்டியலில் இந்த ஒரே ஊர் நான்கு ஊர் வரை ஆகலாம். பொத்துவிலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் இல்லை.

பட்டியலை வாசிக்கும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினால் ஊர்கள் ஒன்றாகிவிடும். ஐசியு என்ற யூனிகோட் மென்பொருள் தொகுப்பிலுள்ள யூகான்வ் கட்டளை அதைச் செய்யும். அதன் வெளியீட்டை மட்டும் பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் '|' குறி) நேரே, வரி வரியாக வாசித்துக் கூட்டும் வைல் லூப்புக்குள் விடாதீர்கள். பைப்புக்குப் பின்னால் வரும் லூப் தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் ஒரு நகலில், ஓடும். அது முடியும்போது கூட்டிய கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும். வேறொரு கோப்பில் எழுதிவிட்டு, அங்கிருந்து வாசியுங்கள்.